சாவி எப்படித் திரும்ப அவன் கைக்குப் போனது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். ஒரே மகன், வயது 27. மூன்று வாரத்துக்கு முன்பு நண்பர்களோடு குடித்துவிட்டுக் காரை ஓட்டிவந்தவன், முன்னால் போன பைக்கில் இடித்துவிட்டான். பைக்கில் போனவர் அங்கேயே இறந்துவிட்டார். அவருக்கு 38 வயது, பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவராம். மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான அம்மா. என் மகன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். கார் என் பெயரில்தான் இருக்கிறது, இன்சூரன்ஸும் நடப்பில் இருக்கிறது. போன வருடமும் குடித்து ஓட்டியதாக ஒருமுறை பிடித்தார்கள், கோர்ட்டில் 10,000 ரூபாய் கட்டி வண்டியை எடுத்துவந்தோம், அப்போது ஒன்றும் ஆகவில்லை. இப்போது இழப்பீட்டை இன்சூரன்ஸே முழுவதும் கொடுத்துவிடுமா? வீட்டை மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி வைத்துவிடலாமா? மூன்று லட்சம் கொடுத்து, வழக்கு வேண்டாம் என்று அந்தக் குடும்பத்திடம் எழுதி வாங்கலாம் என்கிறார் ஓர் உறவினர். ரத்தப் பரிசோதனை அறிக்கை இன்னும் வரவில்லை, தெரிந்தவர் மூலம் பேசிப் பார்க்கலாம் என்றும் சொல்கிறார்கள். பையனின் எதிர்காலமே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. மனைவி சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

பதில்: நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், நாலுக்கும் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்த நான் நின்றுபோன இடம் வேறு. போன வருடம் பிடிபட்டதைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. பத்தாயிரம் கட்டினோம், வண்டியை எடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை.

ஐயா, அன்றைக்கே எல்லாம் ஆகியிருந்தது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவில் அது குற்றம். கோர்ட்டில் போய் அபராதம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள். ஆக, உங்கள் மகன் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன் என்பது போன வருடமே பதிவாகிவிட்டது, அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள். யாரும் சாகாமல், ஒருவருக்கும் கை கால் போகாமல் உங்கள் வாசலுக்கு வந்த எச்சரிக்கை அது. அதற்கு நீங்கள் செய்தது பணம் கட்டியது மட்டும்தான். அந்தப் பத்தாயிரம் யாருடைய பணம்? நீங்கள் எழுதவில்லை. உங்கள் பென்ஷனாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், எனக்கு வரும் இந்த மாதிரிக் கடிதங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. அப்புறம் அதே காரை, உங்கள் பெயரில் இருக்கிற காரை, அதே பிள்ளையின் கையில் திரும்பவும் கொடுத்தீர்கள்.

தோளுக்கு மேல் வளர்ந்தவனை எப்படிக் கண்டிப்பது என்று கேட்பீர்கள். எத்தனையோ அப்பாக்கள் இதையே எழுதியிருக்கிறார்கள், நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. 27 வயதுக்காரனைக் குடிக்காமல் தடுப்பது உங்களால் முடியாமல் போகலாம், சரி. கார் யாருடையது? சாவியைப் பூட்டி வைப்பதற்கும், காரையே விற்றுத் தொலைப்பதற்கும் நீங்கள் யாரைக் கேட்க வேண்டும்? அபராதத்தை அவன் சம்பளத்திலிருந்து கட்ட வைத்திருக்கலாம், ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாம், ஆறு மாதம் பஸ்ஸில் போ என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை முகம் கோணுவானே என்று ஒன்றையும் செய்யவில்லை. நீங்கள் பார்க்கப் பயந்த அந்தக் கோணல் முகத்துக்காக இன்றைக்கு ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா இல்லை. இதைவிட மெதுவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சட்டத்திலும் அந்த வரி உங்களை விடாது. கவனமில்லாமல் ஓட்டியதால் மரணம் என்று, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இல் வழக்கு நடந்தால் அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. இப்படி ஓட்டினால் ஆள் சாகும் என்று தெரிந்தே ஓட்டினான் என அரசுத் தரப்பு எடுத்துக்கொண்டு போனால் 105ஆவது பிரிவு, அதில் 10 ஆண்டு வரை போகலாம். 2006இல் மும்பையில் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் குடிபோதையில் ஒருவர் காரை ஏற்றி 7 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் இந்தத் 'தெரிந்தே' என்பதை ஏற்றுக்கொண்டுதான் உச்ச நீதிமன்றம் 2012இல் 3 ஆண்டுச் சிறையை உறுதிசெய்தது. ஏற்கெனவே ஒருமுறை மாட்டி அபராதம் கட்டியவன் எனக்குத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வான்? குடித்து ஓட்டியதற்குத் தனியாக, இரண்டாம் தடவை என்பதால் 2 ஆண்டு வரை சிறையோ 15,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் 188 என்று ஒரு பிரிவும் இருக்கிறது, குடித்து ஓட்டுவதற்குத் துணைபோனவருக்கும் ஓட்டியவருக்குள்ள தண்டனையே என்கிறது. அது உங்கள்மேல் பாயும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் போன வருடத்துக்குப் பிறகும் சாவி எப்படி அவன் கைக்குப் போனது என்று கூண்டில் நிற்க வைத்து ஒரு வக்கீல் உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி இன்சூரன்ஸ். இறந்தவர் குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டு வழக்குப் போடும், எம்.சி.ஓ.பி. என்பார்கள். ஓட்டியவன், வண்டி உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி என்று மூன்று பேரையும் சேர்ப்பார்கள். ஓட்டுநர் குடித்திருந்தால் அது பாலிசி நிபந்தனையை மீறியதாகும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 150ஆவது பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். கம்பெனி அதை நிரூபித்தாலும் செத்தவர் குடும்பத்தைக் கைவிட முடியாது. உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருக்கிற ஒப்பந்தத்தை நீங்கள் மீறியதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் நீதிமன்றங்கள் பெரும்பாலும், முதலில் கம்பெனி கட்டட்டும், கட்டியதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றுதான் உத்தரவு போடுகின்றன. கோர்ட் வட்டாரத்தில் 'பே அண்ட் ரெகவரி' என்பார்கள். உரிமையாளர் நீங்கள். இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள், கடைசியில் பணம் உங்களிடமும் உங்கள் மகனிடமும்தான் வரும்.

எவ்வளவு வரும் என்று நீங்கள் கேட்கவே இல்லை. உறவினர் சொன்ன மூன்று லட்சத்தோடு நிறுத்திக்கொண்டீர்கள். நானே போட்டுக் காட்டுகிறேன். 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கின் முறையை வகுத்துவிட்டது. அவர் மாதம் 20,000 சம்பாதித்தார் என்று வையுங்கள். வருடத்துக்கு 2,40,000. நாற்பது வயதுக்குள் சொந்தத் தொழில் செய்தவர் என்பதால், இருந்திருந்தால் வருமானம் கூடியிருக்குமே என்று அதோடு 40 சதவீதம் சேர்ப்பார்கள், 3,36,000 ஆகும். அவரை நம்பி நாலு பேர், ஆகவே அவருடைய சொந்தச் செலவு என்று நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 2,52,000. இந்த வருடத் தொகையை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், 36 முதல் 40 வயதுவரை அந்த எண் 15. மொத்தம் 37,80,000 ரூபாய். அதற்குமேல் இறுதிச் சடங்குச் செலவு, கணவனையும் அப்பாவையும் மகனையும் இழந்ததற்கான தொகை எல்லாம் சேர்ந்து நாற்பது லட்சத்தை ஒட்டி வந்து நிற்கும். வழக்குப் போட்ட நாளிலிருந்து வட்டி வேறு, பெரும்பாலும் 6 முதல் 9 சதவீதத்துக்குள் தருகிறார்கள். யார்மேல் தப்பு என்றே பார்க்காமல் மோட்டார் வாகனச் சட்டம் 164ஆவது பிரிவில் கொடுக்கிற தொகையே மரணத்துக்கு 5 லட்சம். மூன்று லட்சத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகச் சொன்ன உறவினரை இனி உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்துப் பேசாதீர்கள்.

எழுதி வாங்குவதால் பயனும் இல்லை. மரணம் நடந்த இந்தக் குற்றம் இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் கிடையாது. பணம் கொடுத்தேன், கிரிமினல் வழக்கை விட்டுவிடு என்று பத்திரத்தில் எழுதினால் அந்தப் பத்திரமே செல்லாது. மைனர் பிள்ளைகளின் பங்கைக் கோர்ட் அனுமதி இல்லாமல் அவர்கள் அம்மாகூட விட்டுக்கொடுத்துவிட முடியாது. சமரசம் வேண்டும் என்றால் அதற்கு நேரான வழி இருக்கிறது, வழக்கு வந்தபின் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து நியாயமான தொகைக்குச் சம்மதியுங்கள்.

வீட்டை மாற்றி எழுதுவது இன்னும் மோசம். பணம் வர வேண்டியவர்களுக்குக் கிடைக்காமல் செய்யவே சொத்தை மாற்றினால், சொத்துரிமை மாற்றச் சட்டம் 53ஆவது பிரிவின்படி அந்த மாற்றத்தை அவர்கள் ரத்து செய்ய வைக்கலாம். விபத்து நடந்த மூன்றாவது வாரத்தில் மனைவி பெயருக்கு ஒரு செட்டில்மென்ட் என்றால் எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தீர்ப்பாயம் சொன்ன தொகையைக் கட்டாவிட்டால் கலெக்டர் மூலம் நில வரிப் பாக்கியை வசூலிப்பது போல வசூலிக்க மோட்டார் வாகனச் சட்டம் 174ஆவது பிரிவு இடம் தருகிறது. சட்டத்தை விடுங்கள், உங்கள் மனைவியைப் பாருங்கள். நடந்ததன் பாரம் உங்கள் வீட்டில் ஒழுங்காக இறங்கியிருப்பது அந்த அம்மாவின்மேல் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாப்பிட முடியாமல் இருக்கிற பெண்மணியின் முன்னால் பத்திரத்தை நீட்டி, ஒரு விதவைக்குப் போக வேண்டிய பணத்தைத் தடுக்கக் கையெழுத்துப் போடு என்று சொல்வீர்களா?

ரத்தப் பரிசோதனை விஷயத்துக்கு வருகிறேன். 2024 மே மாதம் புனேயில் ஒரு சிறுவன் ஓட்டிய கார் மோதி இளம் பொறியாளர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அவனது ரத்த மாதிரியை மாற்றியதாகவும், பழியை ஏற்கச் சொல்லி டிரைவரை அடைத்து வைத்ததாகவும் வழக்குப் பதிந்து அப்பா, அம்மா, தாத்தா, டாக்டர்கள் என்று வரிசையாகக் கைதானார்கள். இன்று உங்கள் வீட்டில் ஒருவன்மேல் வழக்கு இருக்கிறது. 'தெரிந்தவர்' எவராக இருந்தாலும் போனை வையுங்கள்.

இதே மாதிரி விபத்தில் ஆளைப் பறிகொடுத்த வீட்டார் இதைப் படித்தால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. இப்போதைய சட்டப்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுப் போட வேண்டும், கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இரண்டும் தனித்தனி. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கிற பகுதியிலும் போடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள், சொந்தக்காரர் கேட்டாலும் சரி.

பையனின் எதிர்காலம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. மூன்று வாரமாக அவன் என்ன சொல்கிறான் என்று ஒரு வார்த்தை இல்லை. பிள்ளையைத் தாங்குவது பெற்றவர்களின் கடமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனோடு கோர்ட்டுக்குப் போங்கள், நல்ல வக்கீலாக வையுங்கள், உள்ளே போனால் மனுப் போட்டுப் போய்ப் பாருங்கள். ஆனால் அவன் செய்ததை அவன் வாயால் சொல்ல வைப்பதும் அதே கடமையில் சேர்ந்ததுதான், போன வருடம் நீங்கள் செய்யாமல் விட்டதும் அதைத்தான். வக்கீலிடம் நீங்கள் பேசாதீர்கள், அவன் பேசட்டும். முதல் தடவை மாட்டியதையும் மறைக்காமல் சொல்லட்டும். தீர்ப்பாயத்தில் பைக்காரர்தான் குறுக்கே வந்தார், அவருக்கு அவ்வளவு வருமானமே இல்லை என்றெல்லாம் பொய்யாக எதிர்வாதம் வைக்கச் சம்மதிக்காதீர்கள். வழக்கு இழுக்க இழுக்க வட்டி ஏறும் என்பது ஒருபக்கம், அதுவரை அந்தப் பிள்ளைகள் எதைக் கொண்டு படிப்பார்கள் என்பது இன்னொரு பக்கம். குடியை நிறுத்த அவனைச் சிகிச்சையில் சேர்த்துவிடுங்கள். போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446, அவனே போன் பண்ணட்டும். அவன் சம்பாதிப்பதில் ஒரு பங்கு இனி பல வருடம் அந்தக் குடும்பத்துக்கான தொகைக்குப் போக வேண்டும், உங்கள் பென்ஷனில் மட்டும் அதை முடித்துவிடாதீர்கள்.

அந்த வீட்டுக்கு நேரில் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். இப்போது போகாதீர்கள், மிரட்ட வந்தீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், ஜாமீனுக்கும் அது நல்லதில்லை. காரை விற்பதற்குக் கோர்ட்டில் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால் வருகிற பணம் முழுவதையும், இழப்பீட்டில் கழித்துக்கொள்ளும்படி, அவர்களிடம் எந்தக் கையெழுத்தும் கேட்காமல் வக்கீல் மூலம் தீர்ப்பாயத்தில் கட்டிவிடுங்கள்.