ஆர்ஸ்னாப்ஷாட் என்ற லினக்ஸ் பேக்கப் புரோகிராமின் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி மாற்றினாலே எரர். பீட்டா பேக்கப்பும் (அடிக்கடி ஓடும் ஆல்ஃபாவுக்கு அடுத்த நிலை) உருவாவதில்லை. ஏன்?

எரருக்குக் காரணம் அநேகமாக ஸ்பேஸ். இந்த ஃபைலில் பெயருக்கும் மதிப்புக்கும் நடுவே டேப் மட்டுமே செல்லும். டேப் அடித்தால் நாலு ஸ்பேஸாக மாற்றிவிடும் எடிட்டர் என்றால், பார்வைக்கு வரி ஒழுங்காக இருக்கும், புரோகிராம் ஏற்காது. கேட் கட்டளையில் மைனஸ் போட்டுப் பெரிய ஏ சேர்த்து (cat -A) ஃபைலைத் திறந்து பாருங்கள். டேப் உள்ள இடத்தில் கூரைக்குறியும் பெரிய ஐ எழுத்தும் (^I) வரும். வெற்றிடமாகவே நின்றால் ஸ்பேஸ். விம் எடிட்டரில் கன்ட்ரோல்-வி அடித்துவிட்டு டேப் அடித்தால் அசல் டேப் விழும். காப்பி-பேஸ்ட் செய்த வரிகளை முதலில் சந்தேகப்படுங்கள். ஃபோல்டர் பாதைகளின் கடைசியில் சாய்கோடும் இருக்க வேண்டும்.

திருத்தியதும், ஃபைலைச் சரிபார்க்கும் கான்ஃபிக்டெஸ்ட் கட்டளையை (rsnapshot configtest) ஓட்டுங்கள். 'சின்டாக்ஸ் ஓகே' வந்தபின், மைனஸ் டி சேர்த்து (rsnapshot -t alpha) ஆல்ஃபாவை ஓட்டினால் எதையும் தொடாமல், ஓடப்போகும் கட்டளைகளை மட்டும் காட்டும்.

பீட்டா வராதது கோளாறே இல்லை. அது புதிதாக எதையும் காப்பி எடுக்காது. ஆல்ஃபாவின் மிகப் பழைய பிரதியை எடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். எத்தனை பிரதி வைப்பது என்று சொல்லும் ரீடெய்ன் வரியில் ஆல்ஃபா 6 என்றால் எண்கள் 0 முதல் 5 வரை. ஆல்ஃபா 5 உருவாகும்வரை பீட்டாவுக்கு வேலை கிடையாது. ரீடெய்ன் வரிகளில் அடிக்கடி ஓடுவது மேலே இருக்கட்டும். கட்டளைகளை நேரப்படி தானாக ஓட்டும் கிரானில் ஆல்ஃபா 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், பீட்டாவை இரவு 11:50க்கு வையுங்கள். 12 மணி ஆல்ஃபா ஓடிவிட்டால் பழைய பிரதி அழிந்துவிடும், பீட்டா முந்திக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதுதான் பெரிய ஆபத்து. வெளி டிஸ்க் மவுன்ட் ஆகாத (சிஸ்டத்தோடு இணையாத) நாளில் பேக்கப் முழுவதும் சிஸ்டம் டிஸ்க்கிலேயே போய்க் குவிந்து அதை நிரப்பிவிடும். இதைத் தடுக்க, பேக்கப் ஃபோல்டர் இல்லையென்றால் புதிதாக உருவாக்காதே என்னும் நோ கிரியேட் ரூட் வரியின் கமென்ட் குறியை நீக்கி 1 என வைக்கச் சொல்வார்கள். அது மட்டும் போதாது. ஸ்னாப்ஷாட் ரூட்டாக (பேக்கப் சேரும் ஃபோல்டர்) டிஸ்க் இணையும் மவுன்ட் பாயின்ட்டையே கொடுத்திருந்தால், டிஸ்க் இல்லாதபோதும் அந்தக் காலி ஃபோல்டர் அங்கேயே இருக்கும், புரோகிராம் ஏமாந்துபோகும். டிஸ்க்கை மவுன்ட் செய்து, அதற்குள் கையால் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதன் பாதையைக் கொடுங்கள். டிஸ்க் இல்லையென்றால் ஃபோல்டரும் இருக்காது, எரரோடு நின்றுவிடும்.

டிஸ்க்கின் ஃபார்மேட் எக்ஸ்ஃபேட் ஆக இருந்தால் இஎக்ஸ்டி4க்கு மாற்றி ஃபார்மேட் செய்யுங்கள். மாறாத ஃபைல்களை ஹார்ட் லிங்க் ஆக (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயராக) வைத்துத்தான் ஆர்ஸ்னாப்ஷாட் இடத்தை மிச்சம் பிடிக்கிறது. எக்ஸ்ஃபேட்டில் அந்த வசதி இல்லை.