ட்ரையலுக்குப் போகிறவர்கள் கேட்டவை

எழுத்துப் பரீட்சை முடித்து, ட்ரையல் என்கிற ஓட்டப் பரீட்சைக்காக எல் போட் கட்டிய வாகனத்தில் ஓடிப் பழகுகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும் நீண்ட காலமாக ஓட்டப் பழக்கிவரும் அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

காத்தான்குடியிலிருந்து: "சேர், பழக்குகிறவர் பக்கத்தில் இருந்தால் நன்றாக ஓடுகிறேன். பரிசோதகர் ஏறி உட்காருவார் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. அவர் எதைத்தான் பார்ப்பார்?"

உங்களுக்குப் பக்கத்தில் இருக்க அவருக்குப் பயமில்லையா, ரோட்டில் போகிறவனுக்கு உங்களால் ஆபத்தில்லையா என்பதைத்தான் முதலில் பார்ப்பார். கார் அசைவதற்கு முன்பே அது தொடங்கிவிடும். கதவு சாத்தியிருக்கிறதா, சீட் கால் எட்டும் தூரத்தில் இருக்கிறதா, மூன்று கண்ணாடியும் சரியா, பெல்ட் போட்டாயிற்றா, ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் இதே வரிசையில் பழகுங்கள். ட்ரையல் அன்று கைக்குத் தெரிந்த வேலை கிடைத்தவுடன் நடுக்கம் பாதி அடங்கிவிடும். நான் பழக்கிய பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது உங்கள் கண். ஸ்டியரிங்கை அழகாகத் திருப்பும் ஒரு பிள்ளை என்னிடம் பழகினார். அவர் கியர் மாற்றுவது பக்கத்தில் இருக்கும் எனக்கே தெரியாது, அவ்வளவு மெதுமை. ட்ரையலில் இடது பக்கம் திரும்பும்போது சிக்னல் போட்டார், கண்ணாடி பார்த்தார், தலையை மட்டும் திருப்பவில்லை. பின் சில்லுக்குப் பக்கத்தில் சைக்கிளில் ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். பரிசோதகர் பிரேக் பிடிக்கச் சொல்லித்தான் கார் நின்றது. அன்று பெயில். அந்த முடிவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சைட் கண்ணாடியில் விழாத ஒரு மூலை எல்லா வாகனத்துக்கும் உண்டு. அரசடிச் சந்தியில் காலை ஏழரைக்கு நின்று பாருங்கள், பள்ளிக்கூடம் போகும் எத்தனை சைக்கிள் அந்த மூலைக்குள்ளே ஓடுகிறதென்று தெரியும். திரும்ப முன்னும், ஓரத்திலிருந்து எடுக்க முன்னும் தலையைத் தோள்ப் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

நடுவில் என்ஜின் நின்றுபோனால் பதற வேண்டாம். ஹேண்ட் பிரேக், நியூட்ரல், முன்னும் பின்னும் ஒரு பார்வை, அப்புறம் ஸ்டார்ட். பதற்றத்தில் கியரிலேயே சாவியைத் திருப்பி வாகனம் துள்ளினால்தான் வினை.

வெல்லாவெளியிலிருந்து: "மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்வார்களாம். படுவான்கரையில் மேடு எங்கே இருக்கிறது? வயலும் குளமும்தானே."

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் பகுதிப் பிள்ளைகளுக்கு உள்ள உண்மையான குறை. பதுளையில் பழகுகிறவனுக்கு வீட்டு வாசலே மேடு. நமக்கு ஆற்றையும் வாவியையும் கடக்கும் பாலத்தின் ஏற்றம்தான் மேடு. அதற்காகக் கல்லடிப் பாலத்தில் நிறுத்திப் பழகப் போகாதீர்கள். பழைய பாலம் 1924இல் கட்டியது, ஒரு பக்கம் வாகனம் வந்தால் மறு பக்கம் காத்திருந்துதான் கடந்தோம். 2013இல் புதிய பாலம் வந்த பிறகு வாகனங்கள் நிற்காமல் ஓடுகின்றன. அங்கே நிறுத்துவது பின்னால் வருகிறவனுக்கு ஆபத்து.

முதலில் சமதரையில் ஒரு வேலை செய்யுங்கள். முதல் கியரைப் போட்டு, எக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மயிரிழை மயிரிழையாக விடுங்கள். ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் கனத்து, காரின் முன்பக்கம் லேசாக எழும்பும். என்ஜின் சில்லைப் பிடித்துவிட்டது என்பதன் அடையாளம் அதுதான். பாதத்துக்கு அந்த இடம் மனப்பாடமாகும் வரை, ஒரு நாளைக்கு இருபது தரமாவது செய்யுங்கள். சமதரையில் இது கைவந்தால் மேட்டு வேலையில் முக்கால்வாசி முடிந்தது.

பிறகு பழக்குகிறவரோடு, வாகன நடமாட்டம் இல்லாத ஓர் ஏற்றத்துக்குப் போங்கள். குளக்கட்டில் ஏறும் பாதைகள் நல்லவை. இளகிய கிரவல் வேண்டாம், சில்லு வழுக்கினால் கால் பிழையாகப் பழகிவிடும், இறுகிய தரையாகப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்துங்கள். முதல் கியர் போட்டு, எக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து, கிளட்சை அந்தப் பிடிக்கும் இடம் வரை விடுங்கள். கார் முன்னே இழுக்கப் பார்க்கும், ஹேண்ட் பிரேக் பிடித்து வைத்திருக்கும். அந்த இழுவை தெரிந்த பிறகு, கண்ணாடி பார்த்து, ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். இழுவை தெரியுமுன் இறக்கினால் பின்னால் உருளும். அவசரம்தான் எல்லாரையும் விழுத்துகிறது.

கல்முனையிலிருந்து ஒரு தங்கை: "ஸ்கூட்டியில் எட்டு போடும்போது கால் ஊன்றிவிடுகிறேன். அபாயா உடுத்துத்தான் போவேன், அது பிரச்சினையா?"

கால் ஊன்றுவதற்குக் காரணம் கால் இல்லை தங்கச்சி, கண்தான். முன் சில்லைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறீர்கள். வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பாருங்கள், கை தானாக அந்தப் பக்கம் திரும்பும். எக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, வேகத்தை இடக்கையில் உள்ள பின் பிரேக்கால் மெல்லக் குறையுங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி சாயும். எட்டை முதலில் பெரிதாகப் போட்டுப் பழகி, நாளாக ஆகச் சுருக்குங்கள்.

அபாயா பிரச்சினையில்லை. கீழ் விளிம்பு பின் சில்லுக்குள் போகாதபடி ஒதுக்கி உட்காருங்கள், முந்தானையும் சோலும் பறக்காமல் சொருகியிருக்கட்டும். இதை ட்ரையலுக்காக மட்டும் சொல்லவில்லை, சில்லில் துணி சிக்கி விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஹெல்மெட் பட்டியைக் கொழுவ மறக்க வேண்டாம்.

செங்கலடியிலிருந்து: "சிக்னல் லைட் இருக்கும்போது கைச் சைகை எதற்கு?"

லைட் பழுதாகும், உச்சி வெயிலில் தெரியாமலும் போகும். வலது பக்கம் திரும்ப, வலக்கையை நேரே வெளியே நீட்டுங்கள். இடது பக்கம் என்றால் நீட்டிய கையை இடஞ்சுழியாகச் சுழற்றுங்கள். வேகம் குறைக்க, உள்ளங்கை கீழே பார்க்கக் கையை மேலும் கீழும் அசையுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: "மெதுவாகவே ஓடினால் பாஸ்தானே?"

இல்லை. ரோட்டு வெறுமையாக இருக்கும்போது இருபதில் ஊர்ந்தால், ஓட நம்பிக்கை இல்லை என்றுதான் தெரியும். ஊருக்குள் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், ஊருக்கு வெளியே 70. முச்சக்கர வண்டிக்கு 40. அது உச்சம், ஓட வேண்டிய வேகம் இல்லை. 50இல் போகும்போது ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடுகிறீர்கள். மாடு குறுக்கே வந்ததைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு விநாடி ஆகிவிடும். மஞ்சள் கடவையில் ஆள் நின்றால், சந்தியில் மறைப்பு இருந்தால் குறையுங்கள். வெளி கண்டால் சாதாரணமாக ஓடுங்கள்.

ஏறாவூரிலிருந்து: "மார்கழி மழையில் ட்ரையல் வந்துவிட்டது."

வரட்டும், நம் ஊரில் ஐப்பசியிலிருந்து தை வரை மழைதானே. வைப்பரும் கண்ணாடிப் புகை போக்கும் சுவிட்சும் எங்கே என்று முதல் நாளே தேடி வையுங்கள். முன் வாகனத்துக்கு இடைவெளியைக் கூட்டுங்கள். ஈரச் செருப்பு பெடலில் வழுக்கும், மெல்லிய அடியுள்ள சப்பாத்துப் போடுங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய்: "மகன் இரண்டு தரம் பெயில். ஒருவர் காசு தந்தால் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்."

கொடுக்காதீர்கள் அம்மா. கட்ட வேண்டிய கட்டணத்தைக் கவுண்டரில் கட்டி ரிசீட் வாங்குங்கள், அதற்கு மேல் ஒரு சதமும் வேண்டாம். தொல்லை தந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்குச் சொல்லலாம். ஓடத் தெரியாமல் கிடைக்கும் லைசென்ஸ் உங்கள் பிள்ளையைத்தான் முதலில் ரோட்டில் விழுத்தும், எனக்கு அந்தப் பயம்தான். எதில் பிழைத்தது என்று மகன் பரிசோதகரிடம் மரியாதையாகக் கேட்கட்டும். ரிவர்ஸில் என்றால் இரண்டு கிழமை ரிவர்ஸ் மட்டும் ஓடட்டும். கிளட்சால் வேகத்தைப் பிடித்து, பின் கண்ணாடி வழியே பார்த்து, காரின் மூக்கு எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் கவனிக்கட்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து: "மருத்துவச் சான்றிதழில் மூக்குக் கண்ணாடி தேவை என்று எழுதியிருக்கிறார்கள். ட்ரையலுக்கும் போட வேண்டுமா?"

கட்டாயம் போடுங்கள். அடையாள அட்டை, பயிலுநர் அனுமதிப்பத்திரம் எல்லாம் வைக்கும் பையிலேயே முதல் நாள் இரவே கண்ணாடியையும் வைத்துவிடுங்கள்.