பிஎஃப்பில் கை வைக்காதீர்கள், சிட்டியை இப்போதே எடுங்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். எனக்கு 44, கணவருக்கு 48. கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, கைக்கு 34,000 வருகிறது. நான் இரண்டு மாடு வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறேன். மகள் ப்ளஸ் டூ, நர்சிங் படிக்க ஆசை. மாமனாருக்குச் சர்க்கரை, பிரஷர். வீடு ஒழுகுகிறது, ஓடுகளைப் பிரித்துத் தார்ஸ் (கான்கிரீட் தளம்) போடணும். தனியார் ஃபைனான்ஸில் நகைக்கடன் 1,80,000, நூற்றுக்கு ஒன்றரை வட்டி. கேரள அரசின் சீட்டு நிறுவனமான கேஎஸ்எஃப்இயில் 2 லட்சம் சிட்டி (ஏலச்சீட்டு), மாதம் 5,000, இன்னும் எடுக்கவில்லை, 14 தவணை பாக்கி. பிஎஃப் பணத்தை எடுத்து வீட்டு வேலையை ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். 58 வயதில் சம்பளம் நின்றபின் உங்கள் இருவருக்கும் அதுதான் சோறு.

முதலில் நகைக்கடனை அடையுங்கள். மாதம் 2,700 ரூபாய் வட்டிக்கே போகிறது. சிட்டியைக் கடைசியில் எடுத்தால் முழுசாகக் கிடைக்கும் என்று பலரும் காத்திருப்பார்கள். உங்களுக்கு அது கட்டுப்படியாகாது. கடைசியில் எடுத்தாலும் 5 சதவீதக் கமிஷன் போக 1,90,000தான். இப்போது ஏலத்தில் கமிஷனும் சேர்த்து 20,000 தள்ளி எடுத்தால் 1,80,000 வரும், கடனின் அசல் அப்படியே அடைந்துவிடும். 10,000 குறைகிறது, சரி. ஆனால் 14 மாத வட்டி 37,800 மிச்சமாகிறதே! எவ்வளவு வரை தள்ளுவது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு போங்கள். 35,000ஐத் தாண்டினால் அந்த மாதம் விட்டுவிடுங்கள். இன்னொன்று, மீதித் தவணை 70,000க்கு ஈடு கேட்பார்கள். யாருடைய ஜாமீனை ஏற்பார்கள் என்று கிளையில் முன்னாடியே விசாரித்து வையுங்கள்.

மகளுக்குக் கல்விக்கடன் வாங்குங்கள், தயங்க வேண்டாம். 4 லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் கடன் ஏறாது. நகைக்கடனில் மிச்சமாகும் 2,700 முதல் வருடங்களுக்குத் தாராளமாகப் போதும். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்தபிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

மாமனாருக்கு இன்று மருத்துவ பாலிசி எடுத்தாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருடம் வரை காத்திருப்புக் காலம் போடுவார்கள். அதனால் பால் பணத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அவசர ஆஸ்பத்திரிச் செலவுக்கு மறுபடி நகையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். உங்கள் குடும்பமே கணவர் சம்பளத்தை நம்பி இருப்பதால் அவர் பெயரில் டெர்ம் இன்ஷூரன்ஸ் (அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி) கட்டாயம் வேண்டும்.

தார்ஸ் வேலை சிட்டி முடிந்தபிறகு, அந்த 5,000 கையில் நிற்கும்போது. இந்த மழைக்கு உடைந்த ஓடுகளை மாற்றி, ஓட்டைத் தாங்கும் மரப் பட்டியல்களில் உளுத்ததை மட்டும் புதுசாகப் போட்டுக்கொள்ளுங்கள்.