கறுப்பின ஆணுக்கு அனுகூலம் உண்டா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பற்றிய உங்கள் குறிப்பில், ‘இனத்துக்குள்ளே ஆணுக்கு ஓர் அனுகூலம் உண்டு’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் அட்லாண்டாவில் வேலை செய்கிறேன். என் பக்கத்து இருக்கைக்காரர் கறுப்பினத்தவர். ஆறடிக்கு மேல் உயரம், அதிர்ந்து பேசமாட்டார். காரில் ஏறியதும் அவர் செய்யும் முதல் வேலை, பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்து ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருக்கும் கிளிப்பில் செருகுவது. போலீஸ் நிறுத்தினால் கை பாக்கெட் பக்கம் போகக்கூடாது என்று பதினாறு வயதில் அவர் அம்மா பழக்கியது. இரண்டு முறை ஒன்றுமில்லாத காரணத்துக்கு நிறுத்தப்பட்டபோது நானே கூட இருந்திருக்கிறேன். சென்ற வாரம் மதியச் சாப்பாட்டில் பிரிவிலேஜ் பற்றிப் பேச்சு வந்தது. குழுவில் இருக்கும் கறுப்பினப் பெண் ஒருவர், பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் தன் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை என்றார். நண்பர் ‘அதற்காக எனக்கா பிரிவிலேஜ்?’ என்று கேட்டுவிட்டு, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றுகிறது. உங்கள் வரியைத் திருத்திக்கொள்வீர்களா?

ஆர்.கே., அட்லாண்டா

*

அன்புள்ள ஆர்.கே.,

பாதி திருத்திக்கொள்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி. பிரிவிலேஜ் என்பதைத் தமிழில் ‘சலுகை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. சலுகை என்றால் ஒருவர் கொடுத்து இன்னொருவர் வாங்குவது. மூத்த குடிமக்களுக்கு ரயில் டிக்கெட்டில் இருந்ததே, அது சலுகை. இதுவோ, வைத்திருப்பவருக்கே தெரியாமல் அவர் பையில் கிடப்பது. அதனால்தான் அனுகூலம் என்று எழுதினேன். அந்தச் சொல்லும் உங்கள் நண்பரைக் காயப்படுத்தும் என்பது புரிகிறது.

அவர் பக்கம் சான்று நிறையவே இருக்கிறது. டிவா பேஜர் என்ற சமூகவியலாளர் மில்வாக்கி நகரில் செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. ஒரே தகுதி காட்டும் இளைஞர்களை வேலை கேட்க அனுப்பினார். சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளை இளைஞர்களில் 17 சதவீதம் பேருக்கு அழைப்பு வந்தது. எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பு இளைஞர்களுக்கு 14 சதவீதம். 2018-இல் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவரது குழுவினரும் சுமார் இரண்டு கோடி அமெரிக்கர்களின் தரவை ஆராய்ந்தார்கள். ஒரே வருமானமுள்ள வீடுகளில் வளர்ந்தாலும், கறுப்புப் பையன்கள் பெரியவர்களானதும் வெள்ளைப் பையன்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள். பணக்கார வீட்டுப் பையன்களுக்கும் அதே கதைதான். ஆனால் கறுப்புப் பெண்களின் தனிவருமானம், அதே நிலையில் வளர்ந்த வெள்ளைப் பெண்களை ஏறக்குறைய எட்டிவிட்டது. தெருவிலும் நீதிமன்றத்திலும் சிறையிலும் ஆண் என்பது கறுப்பினத்தவருக்குக் கூடுதல் ஆபத்து. இந்த இடங்களைப் பொறுத்தவரை என் வரி தவறு.

செட்டி கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. கறுப்பினப் பெண் எட்டிப் பிடித்தது வெள்ளைப் பெண்ணை. அந்த வெள்ளைப் பெண்ணே வெள்ளை ஆணைவிடக் குறைவாகச் சம்பாதிப்பவர். முழுநேர வேலை செய்பவர்களின் இடைநிலைச் சம்பளத்தைப் பார்த்தால், கறுப்பினப் பெண் இன்றும் கறுப்பின ஆணுக்குக் கீழேதான்.

இனி மறுபாதி. அதற்கு உங்களை 1869 மே மாத நியூயார்க்குக்குக் கூட்டிப்போக வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து நான்கு வருடம். கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் 15-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாநிலங்களின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் சேர்த்தே உரிமை கேட்ட சம உரிமைச் சங்கத்தின் கூட்டத்தில், பெண்களை விட்டுவிட்டா இதை ஆதரிப்பது என்று சண்டை. அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஃபிரடெரிக் டக்ளஸ் எழுந்தார். பெண்கள் பெண்கள் என்பதற்காகவே வேட்டையாடப்பட்டு, வீட்டிலிருந்து இழுத்துவரப்பட்டு, விளக்குக் கம்பங்களில் தொங்கவிடப்படும்போது, அவர்களுக்கும் எங்கள் அளவு அவசரம் இருக்கும் என்று பேசினார். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: இதெல்லாம் கறுப்பினப் பெண்ணுக்கும் உண்மைதானே? டக்ளஸ் சொன்னார்: ஆமாம், ஆமாம், ஆமாம், அவளுக்கும் உண்மைதான், ஆனால் அவள் பெண் என்பதால் அல்ல, கறுப்பு என்பதால்.

அந்த மூன்று ‘ஆமாம்’களிலேயே நான் பல நாள் நின்றிருக்கிறேன். டக்ளஸ் பெண்களின் எதிரி அல்ல. 1848-இலேயே செனக்கா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் பேசியவர். அவருக்குத்தான் அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக வந்தது. கறுப்பினப் பெண்ணை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண்களே ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடிமையாக இருந்து விடுபட்டுப் பெண்ணுரிமை பேசிய சோஜர்னர் ட்ரூத் இதற்கு இரண்டு வருடம் முன்பே எச்சரித்திருந்தார்: கறுப்பின ஆண்களுக்கு மட்டும் உரிமை கிடைத்தால் அவர்கள் பெண்களுக்கு எஜமானர்கள் ஆகிவிடுவார்கள், பழைய நிலைக்கும் இதற்கும் வித்தியாசமிருக்காது என்று. 1869 கூட்டத்தில் இருந்த கறுப்பினக் கவிஞர் ஃபிரான்சிஸ் ஹார்ப்பரோ, இனமா பாலினமா என்று வந்தால் இனத்தைத்தான் எடுப்பேன் என்றார். உங்கள் சாப்பாட்டு மேசைச் சண்டைக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது.

1870-இல் திருத்தம் நிறைவேறியது. தென் மாநிலங்கள் வாக்குவரி, எழுத்தறிவுத் தேர்வு என்று வைத்துச் சில பத்தாண்டுகளில் அந்த உரிமையைப் பறித்துக்கொண்டன. ஆணின் அனுகூலம் அங்கே காகிதத்தில்தான் தங்கியது. பெண்ணுக்கு அந்தக் காகிதமும் 1920 வரை இல்லை.

இரண்டாகப் பிரிப்பது சட்டத்தில் எப்படி வேலை செய்யும் என்று பார்க்க ஒரு வழக்கு இருக்கிறது. செயின்ட் லூயிஸில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் மேல் தொடுத்தது, 1976-இல் தீர்ப்பு. 1964-க்கு முன்பு அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு எடுத்தது. பொருளாதார மந்தம் வந்தது. சீனியாரிட்டிப்படி ஆட்குறைப்பு, கடைசியில் வந்தவர் முதலில் வெளியே. வாசலே திறக்காமல் வைத்திருந்துவிட்டு, ஏன் தாமதமாக வந்தாய் என்று கேட்பதுபோல. 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. நீதிமன்றம் என்ன சொன்னது? நிறுவனம் 1964-க்கு முன்பே பெண்களை எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. அப்படி எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள். இனப் பாகுபாடு என்றால், அதே நிறுவனத்தின் மேல் இன்னொரு வழக்கு நடக்கிறது, அதில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு புதுக் குறை சொல்ல முடியாது.

சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் இந்தத் தீர்ப்பைப் பிரித்துப்போட்டுத்தான் ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற சொல்லையே கொண்டுவந்தார்; இனம், பாலினம் போன்ற பாகுபாடுகள் ஒரே ஆள் மேல் குறுக்கிட்டுச் சேர்வதைச் சொல்வது. நாற்சந்தியில் அடிபட்டவள் எந்தச் சாலை வண்டி இடித்தது என்று நிரூபிக்காவிட்டால் ஆம்புலன்ஸ் வராது என்பதுதான் அவருடைய உவமை.

ஆக, நான் மாற்றிக்கொள்ளாத பாதி இது: வெளியே கறுப்பின ஆணைப் பிடித்துத் தள்ளும் அதே ‘ஆண்’ என்ற அடையாளம்தான் உள்ளே, இயக்கத்தில், தேவாலயத்தில், வீட்டில், முதல் நாற்காலியை அவருக்குக் கொடுக்கிறது. கறுப்பினத்தவர் உரிமை கேட்டு நடந்த 1963 வாஷிங்டன் பேரணி மேடையில், கறுப்பினப் பெண்கள் அமைப்பின் தலைவர் டோரதி ஹைட் உட்கார்ந்திருந்தார்; முக்கிய உரை எதுவும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. 1991-இல் கறுப்பினச் சட்டப் பேராசிரியர் அனிடா ஹில், உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழியப்பட்டிருந்த, அவரும் கறுப்பினத்தவரான கிளாரன்ஸ் தாமஸ் தனக்குப் பாலியல் தொந்தரவு கொடுத்ததாகச் செனட் குழுவில் சாட்சி சொன்னார். மறுத்த தாமஸ், இது நவீன ‘லிஞ்சிங்’ என்றார். கும்பல் கறுப்பின ஆண்களைத் தூக்கிலிட்ட கொடுமையின் பெயர் அது. தாமஸ் செனட்டில் 52-48 என்ற வாக்கில் நீதிபதியானார். அடுத்த மாதம் 1,600-க்கும் மேற்பட்ட கறுப்பினப் பெண்கள் தங்கள் பெயர்களைப் போட்டு நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுத்து ஹில் பக்கம் நின்றார்கள்.

நிற்க. உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் நண்பரின் லைசென்ஸ் கிளிப்பை நான் கண்ணால் பார்த்த மாதிரி எழுதிவிட்டீர்கள். எந்த வயதில் பழகியது, யார் பழக்கியது, எத்தனை முறை நிறுத்தினார்கள், தட்டை என்ன செய்தார் என்பதெல்லாம் தெரிகிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு வாக்கியம். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார், எதைக் காதில் வாங்கவில்லை, குழந்தை பிழைத்ததா, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

செரீனா வில்லியம்ஸுக்கு 2017-இல் மகள் பிறந்த மறுநாள் மூச்சு வாங்கியது. ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர். ஸ்கேன் எடுங்கள், ஹெப்பரின் கொடுங்கள் என்று மருந்தின் பெயரையே சொன்னார். வலிமருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். முதலில் கால்களை ஸ்கேன் செய்தார்கள். பிறகுதான் நுரையீரலை; அங்கே ரத்தக்கட்டுகள். உலகமே அறிந்த ஆளுக்கு இப்படி. 2021-இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறந்த வெள்ளைத் தாய்மார் சுமார் 27, கறுப்பினத் தாய்மார் சுமார் 70. கல்லூரிப் படிப்பு முடித்த கறுப்பினப் பெண்ணுக்கு இருக்கும் ஆபத்து, பள்ளியே முடிக்காத வெள்ளைப் பெண்ணைவிட அதிகம்.

நண்பரைச் சமாதானப்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் அந்தப் பெண்ணிடம், அன்று பாதியில் நின்ற கதையைச் சொல்லச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதித்தால் முழுதாகக் கேட்டுவிட்டு, இன்னொரு கடிதம் எழுதுங்கள்.