ஒரு குடித்தனக்காரன் படித்த நாவல்கள்

கேள்வி: சமீப வருடங்களில் வந்த நாவல்களில் காதல், திகில், ஃபேன்டஸி, மர்மம் என நாலு வகையிலும் உங்களுக்கு ரொம்பப் பிடித்தவை எவை?

பதில் எழுத அலமாரியைத் துழாவியபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. எடுத்து வைத்தவற்றில் மூன்று நாவல்கள் ஏதோ ஒரு வீட்டைப் பற்றியவை. 2006இல் சென்னைக்கு வந்ததிலிருந்து ஏழு வீடு மாறியவன் நான். அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், பதினோரு மாத அக்ரிமென்ட், காலி செய்யும்போது பெயின்ட்டுக்கென்று பிடித்துக்கொள்ளும் ஒரு மாத வாடகை, இதிலேயே பாதி வயது போய்விட்டது. ஆகவே இது ஒரு குடித்தனக்காரனின் ரசனை. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

திகிலில் இருந்து ஆரம்பிக்கிறேன். சில்வியா மொரேனோ-கார்சியா எழுதி 2020இல் வந்த ‘மெக்ஸிகன் காதிக்’. கதை 1950களின் மெக்ஸிகோவில் நடக்கிறது. நொயெமி வசதியான வீட்டுப் பெண், விருந்தும் நடனமுமாகத் திரிகிறவள். புதிதாகக் கல்யாணமாகிப் போன உறவுக்காரப் பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. கணவன் விஷம் வைக்கிறான், சுவருக்குள்ளிருந்து யாரோ பேசுகிறார்கள் என்று தாறுமாறாக எழுதியிருக்கிறாள். என்னவென்று பார்த்துவர அப்பா நொயெமியை அனுப்புகிறார். மலைமேல் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் பழைய பங்களா. ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கத்தால் கொழித்தவர்கள். அங்கே சாப்பிடும்போது பேசக்கூடாது, வீட்டுக்குள் சிகரெட் கூடாது. பத்து மணிக்கு கேட்டைப் பூட்டும் நம் ஹவுஸ் ஓனர்கள் எவ்வளவோ தேவலை.

அந்தப் பங்களாவின் சுவர்க் காகிதத்தில் பூஞ்சை படர்ந்திருக்கும். நொயெமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அசையும். நான் இதைப் படித்தது மடிப்பாக்கத்தில், ஒரு கார்த்திகை மழையில். படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, பச்சையும் கறுப்புமாக ஒரு தேசப்படம் உருவாகியிருந்தது. ஓனரிடம் சொன்னால் “வெயில் வந்தா காஞ்சிடும் சார்” என்பார். நாவலில் பாதி தாண்டியதும் கட்டிலை எதிர்ச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். மனைவி காரணம் கேட்டாள், காற்று வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பயம் மட்டும் என்றால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அந்தச் சுரங்க ஊருக்கு மாதிரி, மெக்ஸிகோவில் இடால்கோ மாநிலத்தில் நிஜமாகவே இருக்கும் ரியல் டெல் மாண்டே. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் போய்க் குடியேறிய ஊர், ஆங்கிலேயர்களுக்கென்றே தனிக் கல்லறைத் தோட்டம் உண்டு. கோலார் தங்கவயலுக்கும் கார்ன்வால்காரர்கள் வந்தார்கள். பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் நிறையப் பேர் நம் வட ஆர்க்காட்டு ஜனங்கள். ஆகவே பேரே தெரியாமல் செத்துப்போன கூலிகளின் மேல் அந்தப் பங்களா நிற்கிறது என்று நாவல் காட்டும் இடம் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

ஓதம் என்று எழுதும்போதே தோன்றுகிறது. தமிழில் சுவரில் ஏறும் ஈரத்துக்கும் அந்தச் சொல்தான், கடல் பொங்கி ஏறுவதற்கும் அந்தச் சொல்தான். இரண்டாவது அர்த்தத்துக்கு ஒரு நாவல் இருக்கிறது: சூசன்னா கிளார்க்கின் ‘பிரனேசி’. இதுவும் 2020தான். ஃபேன்டஸி என்றாலே வாளும் டிராகனும் ஐந்து பாகமும் என்று ஒதுங்குகிறவர்களுக்கு இதைத்தான் நீட்டுவேன். முந்நூறு பக்கம்கூட இல்லை.

முடிவே இல்லாத ஒரு வீடு. கூடத்தைத் தாண்டினால் இன்னொரு கூடம், எல்லாவற்றிலும் சிலைகள். கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம். நடுத்தளத்தில் பிரனேசி என்று அழைக்கப்படும் ஒருவன். மீன் பிடித்துச் சாப்பிடுகிறான், கடற்பாசியைக் காயவைத்து எரிக்கிறான், எந்தக் கூடத்தில் எப்போது தண்ணீர் ஏறும் என்று கணக்கு எழுதி வைக்கிறான். உலகம் தோன்றியதிலிருந்து மொத்தம் பதினைந்து மனிதர்கள் என்பது அவன் முடிவு. அவன் ஒருவன், செவ்வாயும் வெள்ளியும் வந்து பேசிவிட்டுப் போகும் இன்னொருவர், மீதி பதிமூன்றும் எலும்புகள். அந்த எலும்புகளுக்கு இவன் வேளாவேளைக்கு உணவும் தண்ணீரும் கொண்டுபோய் வைக்கிறான். நம் ஊரில் அதற்குப் பெயர் படையல். அந்த இடத்தில்தான் இவனை எனக்குப் பிடித்துப்போனது. இவன் யார், எப்படி இங்கே வந்தான் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும்போது வயிற்றைப் பிசையும். அதற்குமேல் சொன்னால் பாவம்.

மூன்று ஓதங்கள் ஒரே இடத்தில் வந்து சேர்வதை அவன் பார்க்கப் போவதில்தான் நாவல் தொடங்குகிறது. எட்டு வருடத்துக்கு ஒருமுறை நடப்பது, முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தோம். எங்களுக்கு யாரும் அப்படிக் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. விடிவதற்குள் தண்ணீர் கட்டில் உயரம் வந்துவிட்டது. இரண்டு அட்டைப்பெட்டிப் புத்தகம் ஊறிக் கூழானது. அந்த வீட்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிரனேசியோ தன்னை மூழ்கடிக்கக்கூடிய வீட்டையே கருணையுள்ளது என்கிறான். முதல் வாசிப்பில் எரிச்சல் வந்தது. இரண்டாவது வாசிப்பில் பொறாமை.

கிளார்க்கின் முதல் நாவல் 2004இல் வந்தது. இது இரண்டாவது. நடுவே பல வருடங்கள் உடல்நலமில்லாமல் வீட்டோடு முடங்கியிருந்தவர் அவர். பிரிட்டனில் பெண் எழுத்தாளர்களுக்குத் தரும் விமன்ஸ் பிரைஸ் 2021இல் இதற்குக் கிடைத்தது.

சரி, காதல். பெத் ஓ’லியரியின் ‘தி ஃப்ளாட்ஷேர்’, 2019. லண்டனில் ஒரு படுக்கையறை வீடு, ஒரே கட்டில், இரண்டு பேர். லியோன் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நைட் ஷிஃப்ட் நர்ஸ், பகலில் தூங்குகிறான். டிஃபி பதிப்பகத்தில் வேலை பார்க்கிறவள், இரவில் தூங்குகிறாள். இருவரும் சந்தித்ததே இல்லை. ஃப்ரிட்ஜிலும் கதவிலும் ஒட்டி வைக்கும் துண்டுச்சீட்டு வழியாகத்தான் பேச்சு. சினிமாத்தனமாக இருக்கிறதே என்பவர்கள் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியதில்லை என்று அர்த்தம். என் ரூம்மேட் கால் சென்டர் நைட் ஷிஃப்ட். மூன்று மாதம் அவனுடைய லுங்கியை மட்டும்தான் கொடியில் பார்த்தேன். ‘குடத்துல தண்ணி பிடிச்சு வை’, ‘ஊறுகாய் காலி, யார்னு கேக்கல’ என்று சீட்டுப் போக்குவரத்து உண்டு. காதல்தான் வரவில்லை.

இந்த நாவல் இனிப்பு மிட்டாய் என்று நினைத்துவிட வேண்டாம். டிஃபியின் பழைய காதலன் அடிக்கிறவன் இல்லை, ஆனால் உன் ஞாபகம் தப்பு, நீ அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்லிச் சொல்லியே அவளைச் சுருக்கியிருக்கிறான். அது அவளுக்கே மெதுவாக உறைக்கும் பக்கங்கள் நன்றாக வந்திருக்கின்றன. முடிவு கொஞ்சம் வேகம்தான். வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து எழுதிய நாவலாம். நம் பீச்–தாம்பரம் வண்டியில் அது முடியாது, உட்கார முதலில் இடம் வேண்டும்.

நாலு வகையும் ஒன்றிலேயே வேண்டும் என்றால் இலங்கைக்காரர் ஷெஹான் கருணதிலகவின் ‘தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா’, 2022 புக்கர் பரிசு. 1990இன் கொழும்பு. செத்துப்போன புகைப்படக்காரன் கண் விழித்தால், மேலுலகம் கியூவும் கவுன்டருமாக அப்படியே அரசு அலுவலகம். தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஏழு இரவு அவகாசம். அவன் காதலிப்பது தமிழ் மந்திரி ஒருவரின் மகனை. நடுவில் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். பேய் வேண்டுமானால் சாரு நிவேதிதாவின் ‘நான்தான் ஔரங்ஸேப்’. ஒரு எழுத்தாளன் ஷாஜஹானின் ஆவியைக் கூப்பிட்டால், ஔரங்ஸேப் வந்து உட்கார்ந்துகொண்டு தன் கட்சியைச் சொல்ல ஆரம்பிக்கிறார். பயம் வராது, சிரிப்பு வரும்.

மர்மத்தில் மட்டும் வீடு இல்லை. ஜானிஸ் ஹாலெட்டின் ‘தி அப்பீல்’, 2021. முழு நாவலும் மின்னஞ்சல், குறுஞ்செய்தி மாதிரி ஆவணங்கள், அவ்வளவுதான். ஒரு சின்ன ஊர் நாடகக் குழு. குழுவை நடத்துகிறவரின் பேத்திக்குக் கேன்சர், மருந்துக்குப் பணம் திரட்டுகிறார்கள், அப்புறம் ஒரு கொலை. அந்தக் கடிதக்கட்டை அப்படியே இரண்டு சட்ட மாணவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார் மூத்த வக்கீல். நாமும் கூடவே படிக்கிறோம். யார் யாருக்குப் பதில் போடவில்லை, யார் தேவைக்கு மேல் குழைகிறார்கள் என்பதெல்லாம் துப்பு.

இப்போது இருப்பது மேடவாக்கத்தில் நூற்றுச் சொச்சம் வீடுள்ள அடுக்ககம். அதன் வாட்ஸ்அப் குழுவை இதுவரை மியூட்டில் போட்டிருந்தேன். நாவலை முடித்த அன்று மியூட்டை எடுத்துவிட்டு ஆறு மாதத்துச் செய்திகளையும் மேலிருந்து படித்தேன். தினமும் எல்லோருக்கும் குட் மார்னிங் போடுகிற ஒருவர், சம்ப் மோட்டார் விவகாரம் நடந்த அந்த ஒரு வியாழக்கிழமை மட்டும் போடவில்லை.

சி பிளாக், இரண்டாவது மாடி. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.