ஊசியும் மின்சாரமும் உறக்கம் தருமா?

கேள்வி: மகனுக்கு வேலை போனதிலிருந்து ஒரே பயம். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், முதல் லோக்கல் ரயில் சத்தம் கேட்கும்வரை தூக்கமில்லை. மின் அக்குபஞ்சர் செய்துகொள்ளலாமா டாக்டர்? வயது 58.
- வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: செய்துகொள்ளலாம் அம்மா, அதை மட்டுமே நம்பாதீர்கள். மணிக்கட்டு, உச்சந்தலை, புருவமத்தி போன்ற இடங்களில் மெல்லிய ஊசி குத்தி, இரண்டிரண்டாக இணைத்து லேசான மின்சாரம் விடுவார்கள். துடிப்பு மாதிரி தெரியும். வலித்தால் சொல்லுங்கள், குறைப்பார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் வேண்டவே வேண்டாம். புது ஊசியா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சில ஆய்வுகளில் பலன் தெரிந்தாலும் சான்று இன்னும் வலுவாகவில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு நான் முதலில் சொல்வது, சிபிடி-ஐ என்ற பேச்சுவழிச் சிகிச்சை. தூக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எழுதவில்லையே! சாப்பிட்டால், மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.