கார்ச்சாம்பை எப்போது இறக்குவது? – வாசகர் கேள்வி பதில்

போகிமான் ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களில் கார்ச்சாம்ப் என்ற போகிமானை அடித்து ஆடப் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கார்ச்சாம்பை முதல் ஆளாக இறக்கி, உடனே ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் போடுகிறேன். அடுத்த டர்னிலேயே ஐஸ் அடி வாங்கி விழுந்துவிடுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் உங்கள் அட்டாக்கை இரண்டு மடங்காக்கும். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை ஒரு டர்ன். எதிராளி அந்த டர்னை வீணடிக்கும் நிலையில் இருக்கும்போதுதான் அதைப் போட வேண்டும். முதல் டர்னில் அவருடைய ஆறு பேரும் முழு உடம்போடு இருக்கிறார்கள். டிராகன், கிரவுண்ட் என்று இரண்டு வகையாக இருக்கும் கார்ச்சாம்புக்கு ஐஸ் நான்கு மடங்கு வலிக்கும் என்பது அவருக்கும் தெரியும். அதனால் ஐஸ் மூவ் உள்ளதைத்தான் முதலில் அனுப்புவார்.

இலவச டர்ன் கிடைக்கும் இடங்கள் சில உண்டு. எதிராளி, ஒரே மூவையே திரும்பத் திரும்ப அடிக்க வைக்கும் சாய்ஸ் ஸ்கார்ஃப் அல்லது சாய்ஸ் ஸ்பெக்ஸ் மாட்டிய போகிமானால் எலக்ட்ரிக் மூவ் அடித்து அதிலேயே சிக்கிக்கொண்டால், அந்த அடிக்கு நேராகக் கார்ச்சாம்பை மாற்றி இறக்குங்கள். கிரவுண்ட் வகைக்கு எலக்ட்ரிக் படாது என்பதால் ஒரு புள்ளிகூடக் குறையாது. இன்னொன்று ஹீட்ரான் போன்ற எதிரி. அதற்கு எர்த்குவேக் என்ற கிரவுண்ட் மூவ் நான்கு மடங்கு வலிக்கும் என்பதால் எதிராளி பெரும்பாலும் அதை உள்ளே இழுத்துக்கொள்வார். அவர் மாற்றுகிற அந்த டர்னில் டான்ஸ் போடுங்கள். கிரவுண்ட் அடி படாமல் மிதக்கவைக்கும் ஏர் பலூனோடு ஹீட்ரான் வந்தால் மட்டும் கணக்கு மாறும். பலூன் இருப்பதை ஆட்டமே திரையில் அறிவித்துவிடும், அந்த வரியைத் தவறவிடாதீர்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் எதிரணியின் ஆறு பேரும் திரையில் தெரிவார்கள். அங்கேயே மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். என்னைவிட வேகமானது எது? ஐஸ் ஷார்ட் போல முந்திக்கொண்டு அடிக்கும் மூவ் எதனிடம் இருக்கும்? என் டான்ஸைக் கண்டுகொள்ளாதது எது? இந்த மூன்றிலும் வருபவர்களை மற்ற ஐவரையும் வைத்து வீழ்த்தியோ களைப்படையச் செய்தோ முடித்த பிறகுதான் கார்ச்சாம்பின் முறை. மாமோஸ்வைன் உயிரோடு இருக்கும்வரை டான்ஸ் போட்டால், அதன் ஐஸ் ஷார்ட்டுக்குக் கார்ச்சாம்பைத் தட்டில் வைத்துக் கொடுப்பதாகத்தான் அர்த்தம்.

கேள்வி: ஜாலி நேச்சரா, அடமன்ட் நேச்சரா? இரண்டுக்கும் ஆதரவாகச் சொல்கிறார்கள்.

பதில்: நேச்சர் என்பது ஒரு திறனைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் குணம்; ஜாலி வேகத்தைக் கூட்டும், அடமன்ட் அட்டாக்கைக் கூட்டும். ஒற்றையர் ஆட்டத்தில் ஜாலிதான், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. எண்களைப் பாருங்கள். 100ஆம் லெவலில் வேகத்துக்கு 252 ஈவி (பயிற்சியால் ஏறும் புள்ளி) கொடுத்தால் ஜாலி கார்ச்சாம்பின் வேகம் 333, அடமன்ட் என்றால் 303. கார்ச்சாம்பின் அடிப்படை வேகம் 102. அடிப்படை வேகம் 100 உள்ள வால்கரோனா, சாலமென்ஸ், ஜாப்டாஸ் எல்லாம் முழு வேகத்தில் 328 வரை போகும். ஜாலி அவர்களை ஐந்து புள்ளியில் முந்துகிறது. அடமன்ட் போட்டால் 309 வேகமுள்ள லேண்டோரஸ் தெரியனிடம்கூடப் பின்தங்கிவிடுவீர்கள்.

அடமன்டில் கிடைப்பது என்ன? அட்டாக் 359க்குப் பதிலாக 394. ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுதல் அடி. 300 வேகமுள்ள கிரேட் டஸ்க்கை அடமன்ட் இன்னும் மூன்று புள்ளியில் முந்துகிறது என்பது உண்மைதான். ஆனால் அது பூஸ்டர் எனர்ஜியால் வேகத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொண்டால் அந்த மூன்று புள்ளி எதற்கும் உதவாது. கேமுக்குள் நடக்கும் ராங்க்ட் ஆட்டம் 50ஆம் லெவலில். அங்கே இதே எண்கள் 169, 154 என்று வரும். வரிசை மாறாது.

கேள்வி: டான்ஸ் போட்ட பிறகும் கார்விநைட்டைத் தாண்ட முடியவில்லை. ஃபயர் ஃபாங் வைத்திருக்கிறேனே!

பதில்: இந்தக் கேள்வி பலரிடமிருந்து வந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எச்பிக்கும் (உடம்புப் புள்ளி) டிஃபென்ஸுக்கும் முழு ஈவி, டிஃபென்ஸைக் கூட்டும் நேச்சர், இப்படி வளர்த்த, ஸ்டீலும் பறக்கும் வகையுமான கார்விநைட்டுக்கு 100ஆம் லெவலில் எச்பி 400, டிஃபென்ஸ் 339. டான்ஸ் போட்ட ஜாலி கார்ச்சாம்பின் அட்டாக் 718. ஃபயர் ஃபாங்கின் பவர் வெறும் 65, அதுவும் சொந்த வகை மூவ் இல்லை என்பதால் ஒன்றரை மடங்கு சேராது. ஸ்டீலுக்கு எதிரான இரண்டு மடங்கையும் சேர்த்தால் அடி 198 முதல் 234 வரை. ஏறக்குறைய பாதி உடம்பு. அது அடுத்து ரூஸ்ட் போட்டு 200 ஏற்றிக்கொள்ளும், லெஃப்ட்ஓவர்ஸ் இன்னொரு 25 கொடுக்கும். நீங்கள் அடிப்பதும் அது ஏற்றுவதும் ஏறக்குறைய சமம். ராக்கி ஹெல்மெட் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். ஃபயர் ஃபாங் தொட்டு அடிக்கும் மூவ் என்பதால் ஒவ்வொரு கடிக்கும் உங்கள் எச்பியில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 59 புள்ளி, போய்விடும். ஏழு கடி கடித்தால் நீங்களே விழுந்துவிடுவீர்கள்.

ஆகவே கார்விநைட்டைக் கார்ச்சாம்பால் உடைக்கப் பார்க்காதீர்கள். மேக்னட் புல் என்ற ஏபிலிட்டி (பிறவித் திறன்) உள்ள மேக்னஸோனை அணியில் சேருங்கள். அது ஸ்டீல் வகைகளை வெளியே மாற்றவிடாது. தண்டர்போல்ட் கார்விநைட்டுக்கு இரண்டு மடங்கு. யூ-டர்ன் வைத்திருக்கும் கார்விநைட் மட்டும் அந்தப் பிடியிலிருந்து தப்பிப் பறந்துவிடும்.

டாக்ஸபெக்ஸ் வேறு மாதிரி. அது ஹேஸ் போட்டு உங்கள் டான்ஸை அழித்துவிடும். அதன் முன்னால் டான்ஸே வேண்டாம், நேராக எர்த்குவேக் அடியுங்கள். முழுக்கத் தற்காப்புக்கு வளர்த்த டாக்ஸபெக்ஸின் 304 எச்பியில் 176 முதல் 210 வரை ஒரே அடியில் போகும். அந்த டர்னில் அது ஹேஸ் போட்டிருந்தால் இரண்டாவது அடியில் விழும். எனவே அது ரெக்கவர் போட்டே தீர வேண்டும். டான்டோஸோவிடம் அன்அவேர் ஏபிலிட்டி இருப்பதால் நீங்கள் எத்தனை டான்ஸ் போட்டாலும் அதற்கு ஒன்றுதான். ஆனால் அதன் அடிப்படை ஸ்பெஷல் டிஃபென்ஸ் 65தான். ஸ்பெஷலாக அடிக்கும் எலக்ட்ரிக் அல்லது கிராஸ் துணையிடம் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: அவுட்ரேஜ் 120 பவர். அதை விட்டு 25 பவர் ஸ்கேல் ஷாட்டை ஏன் எல்லோரும் வைக்கிறார்கள்?

பதில்: அவுட்ரேஜ் போட்டால் இரண்டு மூன்று டர்ன் அதிலேயே சிக்கிக்கொள்வீர்கள். நடுவில் ஒரு ஃபேரி இறங்கினால் அதற்கு டிராகன் அடி துளிகூட வலிக்காது, முடிவில் குழப்பம் வேறு. ஸ்கேல் ஷாட் இரண்டு முதல் ஐந்து முறை அடிக்கும். லோடட் டைஸ் மாட்டினால் குறைந்தது நான்கு முறை உறுதி, அதாவது 100 அல்லது 125 பவர். முழு உடம்போடு நிற்கும் டிராகனைட்டின் மல்டிஸ்கேல் முதல் அடியை மட்டுமே பாதியாக்கும், மிச்ச அடிகள் முழுசாக இறங்கும். ஒரே அடியில் விழாமல் காக்கும் ஃபோகஸ் சாஷ், அடியைத் தாங்கும் பொம்மையான சப்ஸ்டிட்யூட் இரண்டையும் அதே டர்னில் உடைத்துவிடும்.

அதைவிட முக்கியம், அடித்து முடித்ததும் வேகம் ஒரு படி ஏறுவது. 333 என்பது 499 ஆகும். முழு வேக டிராகபல்ட்டின் 421ஐத் தாண்டிவிட்டீர்கள், வேகத்தை ஒன்றரை மடங்காக்கும் ஸ்கார்ஃப் மாட்டிய அடிப்படை 100 வேகக்காரர்களின் 492ஐயும் தாண்டிவிட்டீர்கள். ஜாலி வேண்டும் என்று மேலே அடித்துச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: அடமன்டில் 454தான் வரும், ஸ்கார்ஃப் லேண்டோரஸின் 463க்குக் கீழே நின்றுவிடும். பதிலுக்கு டிஃபென்ஸ் ஒரு படி இறங்கும், துல்லியமும் 90தான். ஐஸ் ஷார்ட் ஆசாமி இருக்கும்போது இதை அடிக்காதீர்கள்.

கேள்வி: ஈவி ஏற்ற வேகமான வழி?

பதில்: காசு இருந்தால் அட்டாக்குக்கு புரோட்டீன் 26, வேகத்துக்கு கார்பாஸ் 26. ஒன்றுக்குப் பத்து ஏறும், 252 வந்ததும் நின்றுவிடும். மிச்சத்துக்கு எச்பி அப் ஒன்று. காசு இல்லையென்றால் பவர் ஆங்க்லெட் மாட்டி ஃப்ளெட்ச்லிங்குகளை வீழ்த்துங்கள். அதற்கு வேகத்தில் 1, ஆங்க்லெட்டுக்கு 8, ஆகமொத்தம் 9. சரியாக 28 சண்டையில் 252. அட்டாக்குக்கு பவர் பிரேஸரும் யங்கூஸும் அதே கணக்கு. கதை ஓட்டத்தில் வளர்த்த கார்ச்சாம்பில் வேண்டாத ஈவி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதைக் கழிக்காமல் ஆரம்பித்தால் 510 என்ற மொத்த வரம்பு முன்னாலேயே நிரம்பிவிடும். டிஃபென்ஸுக்குக் குவாலட், எச்பிக்கு பாமெக், ஸ்பெஷல் அட்டாக்குக்கு ஹாண்டியூ என்று பெர்ரி கொடுத்தால் பத்துப் பத்தாகக் குறையும்.

கேள்வி: இரட்டையர் ஆட்டத்தில் எர்த்குவேக் என் துணையையே கொன்றுவிடுகிறது.

பதில்: பறக்கும் வகையையோ லெவிடேட் (மிதக்கும் திறன்) உள்ளதையோ பக்கத்தில் நிறுத்துங்கள், அல்லது துணை புரொடெக்ட் போடும் டர்னில் அடியுங்கள். இன்னொரு வழி ஸ்டாம்பிங் டான்ட்ரம். பவர் 75 என்று பார்த்து ஒதுக்காதீர்கள். எர்த்குவேக் பலரை ஒரே நேரத்தில் அடிக்கும்போது முக்கால் பங்காகி அதுவும் 75தான் ஆகிறது. ரில்லபூமின் கிராசி டெரெய்ன் எர்த்குவேக்கைப் பாதியாக்கும், டான்ட்ரமைத் தொடாது.

அடிப்பவருக்கு ஒரு காவல்காரர் எவ்வளவு தேவை என்பதற்கு 2014 உலகப் போட்டியைப் பாருங்கள். வாஷிங்டனில் பட்டம் வென்ற பார்க் செ-ஜுனின் அணியில் கார்ச்சாம்ப் இருந்தது, கூடவே பச்சிரிசுவும் இருந்தது. ஃபாலோ மீ போட்டு எதிரியின் அடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதுதான் அந்தச் சின்ன அணிலின் வேலை.

கேள்வி: டெரா வகை எது?

பதில்: ஆட்டத்தின் நடுவே வகையை மாற்றிக்கொள்ளும் டெராவுக்கு ஸ்டீல். ஐஸ், டிராகன், ஃபேரி மூன்றும் பாதியாகிவிடும். ஐஸ் அடி வருகிறது என்று தெரிந்த டர்னில் டெரா செய்து, அதே டர்னில் டான்ஸ் போடலாம். கிரவுண்ட், ஃபயர், ஃபைட்டிங் அடிகள் அதன்பின் இரண்டு மடங்கு வலிக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வகையை மாற்ற மெடாலி ஊர் உணவகத்தில் 50 ஸ்டீல் டெரா ஷார்ட் கொடுக்க வேண்டும்.